ஆளில்லாப் படகும் ஒரு வாக்ஓவரும்

போன மாதம் இங்கே பாலசமுத்திரத்தில் ஒரு கைப்பந்துப் போட்டி. எதிரணி வந்த வேன் வழியிலேயே நின்றுவிட்டதாகத் தகவல் வந்தது. நடுவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், தாளில் ஒரு பெயரை அடித்தார், “வாக்ஓவர்” என்றார். பத்து நொடிதான். வென்றவர்கள் டீ குடிக்கப் போய்விட்டார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுந்து நடுவரிடம் போனேன்.

“அவங்க ஆடவே இல்லையே தம்பி?”

“எதிராளி இல்லாம யாரோடண்ணே ஆடுறது? அதுக்குப் பேருதான வாக்ஓவர்.”

“தனியா ஆடணும்.”

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “வெயில் ஜாஸ்தியா இருக்குண்ணே. அப்பிடி நெழல்ல உக்காருங்க.”

நிழலில் உட்கார்ந்தேன். ஆனால் மனம் உட்காரவில்லை. மலையேறிப் போய்விட்டது. செய்தித்தாளில் அந்தச் சொல்லுக்குச் சுலப வெற்றி என்று பொருள். தேர்தலில் எதிர்த்து நிற்க ஆளில்லாதவருக்கும் அதைச் சொல்கிறார்கள். பேனா முனையில் பிறந்து பேனா முனையிலேயே முடிந்துபோகும் சொல். கொடைக்கானல் ஏரியில் நான் பதினேழு வருடம் வேலை பார்த்த படகுக் கிளப்பில் அந்தச் சொல்லுக்கு அரை மைல் நீளம் இருந்தது. அதைத் துடுப்புப் போட்டுத்தான் கடக்க வேண்டும்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் வெள்ளகவியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறி வந்து அந்த வேலையில் சேர்ந்தேன். எங்கள் ஊரில் செருப்புப் போடும் வழக்கமில்லை, ஏரியும் கிடையாது. எனக்கு நீந்தத் தெரியாது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. படகு துடைத்தேன், எண்ணெய் பூசினேன், பாசி சுரண்டினேன். மூன்றாம் வருடம் போட்டி நாள்களில் ‘வால் பிடிக்கும்’ வேலைக்கு ஏற்றினார்கள். தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்கும் சிறு மரமேடையில் குப்புறப் படுத்து, புறப்படக் காத்திருக்கும் படகின் பின்கயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பிஸ்டல் வெடித்ததும் விட வேண்டும். அவ்வளவுதான். பஜாரில் என்னைப் பார்த்தால், “என்னப்பா, இன்னைக்கு யாருக்கு வால் பிடிச்ச?” என்று கேட்காதவர்கள் குறைவு.

இந்த வேலையை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் கிளப் செக்ரட்டரி ஞானமுத்து. சர்வே இலாகாவில் மலைகளை அளந்து ஓய்வு பெற்றவர். நிமிர்ந்த முதுகு, காக்கித் தொப்பி, காதில் செருகிய பென்சில். யாரையும் ‘மிஸ்டர்’ போட்டுத்தான் அழைப்பார். என்னை மிஸ்டர் மாரிமுத்து என்பார். ஒருநாள் படகுத்துறையில் வந்து படுத்துக்கொண்ட எருமையிடம், “மிஸ்டர், இது மெம்பர்களுக்கான இடம்” என்று அவர் சொன்னதை இரண்டு காதாலும் கேட்டிருக்கிறேன். குரலை உயர்த்தவே மாட்டார். எழுதுவதற்கு முன் பென்சில் முனையை நாக்கில் தொட்டுக்கொள்வார். அந்த நாக்கு ஒருபக்கம் எப்போதும் சாம்பல் நிறமாகவே இருக்கும்.

என் கைக்கு அவர் கொடுத்த பயிற்சி தனி. மழை இல்லாத மாலைகளில் என்னை மேடையில் படுக்க வைத்துவிட்டு, பின்னால் எங்கேயோ நின்று தகர டப்பாவைத் தட்டுவார். தட்டிய அந்தக் கணமே கயிறு கையை விட்டுப் போயிருக்க வேண்டும்.

“யோசிக்கிறீங்க மிஸ்டர் மாரிமுத்து. யோசனை காதுக்கும் கைக்கும் நடுவுல வரக் கூடாது.”

ஆறு மாதத்தில் யோசனை போய்விட்டது. சந்தையில் யாராவது தகரத்தைப் போட்டால் என் கையிலிருந்த காய்கறிப் பை கீழே விழுந்தது.

வாக்ஓவருக்கு அவர் வைத்திருந்த முறையை இங்கே சொல்லியாக வேண்டும். எதிரணி வரவில்லை என்றால், அவர்களுடைய படகை மட்டும் கொண்டுவந்து அதற்குரிய இடத்தில் நிறுத்த வேண்டும். அதன் வாலை ஒருவன் கடைசிவரை விடாமல் பிடித்திருக்க வேண்டும். செக்ரட்டரி வராத அணியின் பெயரை மூன்று முறை உரக்கக் கூப்பிடுவார். ஒவ்வொரு தடவைக்கும் நடுவில் ஒரு நிமிடம் மௌனம். பிறகு பிஸ்டல். வந்த அணி முழுத் தூரமும் துடுப்புப் போட்டு, இரண்டு வெள்ளைக் கம்பங்களுக்கு நடுவே கோட்டைக் கடக்க வேண்டும். கடந்ததும் செக்ரட்டரி மணி அடிப்பார். அப்போதுதான் வெற்றி. சாயங்காலம் ஐந்து மணிக்குள் கடக்காவிட்டால் அதுவும் தோல்வி. ஒருமுறை ஒரு டாக்டர் கொட்டுகிற மழையில் தனியாக அப்படி ஓட்டினார். கரையில் குடை பிடித்து நின்றவர்கள் நானும் செக்ரட்டரியும் மட்டும். அவர் கோட்டைக் கடந்ததும் செக்ரட்டரி குடையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கைகளாலும் தட்டினார். வராதவன் இல்லாதவன் ஆகிவிட மாட்டான் என்பது அவருடைய கொள்கை.

இனி அந்த ஆளில்லாப் படகின் வழக்கு.

கிளப்பில் பெரும்பாலும் எஸ்டேட்காரர்களும் கோடையில் வந்து தங்கும் உத்தியோகஸ்தர்களும்தான். கடைக்காரர்களுக்கென்று இருந்தது பஜார் படகு ஒன்றே ஒன்று. ஜவுளிக்கடை காசிம் ராவுத்தர், பேக்கரி அந்தோணி, உருளைக்கிழங்கு மண்டி அண்ணன் தம்பி இருவர் ஆக நான்கு பேர் துடுப்புப் போடுவார்கள். சுக்கான் பிடிப்பவர் டெய்லர் சுப்பையா. அவர் எடை குறைவு, வாய் நிறைவு. கடையை அடைத்த பிறகு பயிற்சி செய்து, போட்டியில் ஒவ்வொரு வருடமும் ஒழுங்காகத் தோற்றார்கள். அவர்கள் தோற்பது கமிட்டிக்குத் தொந்தரவில்லை. அவர்கள் இருப்பதுதான் தொந்தரவு. ஒரு தீர்மானம் போட்டார்கள். மூன்று வருடம் தொடர்ந்து ஒரு பந்தயமும் ஜெயிக்காத படகுக்குக் கொட்டகையில் இடமில்லை. கொட்டகையில் இடமில்லாத படகு போட்டியில் சேர முடியாது. யாருடைய படகு என்று தீர்மானத்தில் எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

அந்த மே மாதம் அவர்களுக்கு மூன்றாவது வருடம். எதிரில் எஸ்டேட் அணி. கேப்டன் வரதராஜன், ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்ட மேனேஜர், மூன்று வருடமாகக் கோப்பை அவருடையது. மதியம் இரண்டரைக்கு மலைப்பாதையில் மரம் விழுந்து வண்டிகள் நிற்பதாகச் செய்தி வந்தது. ராவுத்தர் கேட்டது ஒரே கேள்வி.

“பெரிய மரமாய்யா?”

“ரொம்பப் பெருசுங்க பாய்.”

ராவுத்தர் கண்ணை மூடிக்கொண்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்தபோது, அந்த மரம் அவருக்காகவே நூறு வருடம் வளர்ந்தது போல எனக்குத் தோன்றியது.

மூன்று மணிக்கு, மஞ்சு என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கியது. எங்கள் மஞ்சு வாசலில் நின்று கேட்டுக்கொண்டு வராது. முதலில் எதிர்க்கரை போயிற்று, பிறகு ஏரி போயிற்று, கடைசியில் என் முழங்கை போயிற்று. பின்னாலிருந்து மெல்லிய காற்று ஒன்று அதைத் தள்ளிக்கொண்டே இருந்தது. நான் எஸ்டேட் படகை இழுத்துக்கொண்டு போய் அதன் இடத்தில் நிறுத்தினேன். நான்கு துடுப்பும் உள்ளே வரிசையாகக் கிடந்தன. மேடையில் குப்புறப் படுத்துக் கயிற்றைப் பிடித்தேன். பக்கத்து மேடையில் என்னோடு வேலை பார்த்த செல்லையா பஜார் படகின் வாலைப் பிடித்திருந்தான். செக்ரட்டரி கரையில் நின்று கூப்பிட்டார்.

“எஸ்டேட் அணி!”

மௌனம்.

“எஸ்டேட் அணி!”

மௌனத்துக்குள் டெய்லர் சுப்பையாவின் குரல்: “வந்துடாதீங்கய்யா, நல்லா இருப்பீங்க.”

“எஸ்டேட் அணி!”

பிஸ்டல் வெடித்தது.

அப்போது நான் செய்ததை முப்பது வருடமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். செய்தபோது யோசிக்கவில்லை. காது கைக்குச் சொன்னது, கை விட்டது. என்னை யாருமே கேட்கவில்லை. ஆளில்லாத படகு மேடையை விட்டு ஓசையில்லாமல் நழுவியது. கல்யாண வீட்டில் சொல்லாமல் கிளம்புகிற உறவுக்காரர் போல மஞ்சுக்குள் போய்விட்டது.

“செல்லையா, போச்சுடா.”

“எது?”

“படகு.”

“போகத்தானண்ணே வெடி வெச்சாங்க?”

“நம்ம படகு இல்லடா. வராதவங்க படகு!”

செக்ரட்டரி அதற்குள் சைக்கிளில் ஏறி முடிவுக் கோட்டுக்குப் போய்விட்டார். நான் ஏரிக்கரைச் சாலையில் ஓடினேன். ஓடிக்கொண்டே மஞ்சைப் பார்த்துக் கூப்பிட்டேன். ஆளில்லாத படகை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது? “ஏய், ஏய்” என்றுதான் கத்தினேன்.

எங்கள் ஏரி கை விரித்துக் கிடக்கிற நட்சத்திரம். நடுவில் சிவப்புப் பீப்பாய் ஒன்று மிதக்கும். அதை வலப்பக்கம் விட்டால் முடிவுக்கோடு, தவற விட்டால் வேறொரு கையின் நுனி. சுப்பையா தவற விட்டார். பஜார் படகு முழு மூச்சில், அழகான தாளத்தில், தவறான கைக்குள் போய் நாணலில் சொருகி நின்றது. ஜெயித்துவிட்டதாக நினைத்து நால்வரும் துடுப்பைத் தூக்கிக் கத்தினார்கள். புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்துச் சொன்னாளாம்: “இது ஏரியோட மூலைய்யா. எங்க போகணும் நீங்க?”

நான் மூச்சிரைக்க முடிவுக் கம்பத்துக்குப் போனபோது செக்ரட்டரி ஒரு கையில் கடிகாரமும் மறு கையில் மணியுமாக நின்றிருந்தார். வாயைத் திறக்கப் போனேன். “ஷ்” என்றார். மஞ்சுக்குள்ளிருந்து ஒரு படகின் மூக்கு வந்தது. மணியை அடித்தார். நெடுநேரம், மனதார அடித்தார். பிறகு மிச்சப் படகும் வந்தது. அதில் யாரும் இல்லை. அது கரையில் மெல்ல ஒரு முட்டு முட்டி நின்றது.

செக்ரட்டரி படகைப் பார்த்தார். மணியைப் பார்த்தார். பென்சிலை நாக்கில் தொட்டு, இருபத்தாறு நிமிடம் என்று எழுதினார். அடித்த மணிக்கு எழுதாமல் இருக்க அவரால் முடியாது.

அரை மணி கழித்துப் பஜார் படகு வந்தது. ராவுத்தர் கண்ணில் முதலில் பட்டது கரையில் நின்ற எஸ்டேட் படகு.

“இவங்க எப்ப வந்தாங்க?”

“வரலைங்க” என்றேன்.

“அப்ப யாரு ஓட்டியாந்தா?”

“யாரும் ஓட்டலைங்க.”

“பந்தயம் என்னாச்சு?”

“இது முந்திடுச்சுங்க.”

அந்தோணி துடுப்பைக் கீழே போட்டார். “ராவுத்தரே, நமக்கு ஆளோட தோத்துப் பழக்கம். இப்ப ஆளில்லாமலும் தோத்துட்டோம்.”

யாரும் சிரிக்கவில்லை. கரையில் கூடியிருந்த பஜார் மொத்தமும் ராவுத்தரையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்தப் படகை வாங்க அவர்கள் ஐந்து வருடம் சீட்டுப் போட்டவர்கள்.

அதே நேரத்தில் ஒரு ஜீப் வந்து நின்றது. சேறு பூசிய நான்கு பேரோடு வரதராஜன் இறங்கினார். நடந்ததைக் கேட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கமிட்டி மெம்பர் ஒருவர் அவர் காதில் ஏதோ சொன்னார். சிரிப்பு நின்றது. “படகு எங்களது. கோட்டைத் தாண்டியிருக்கு. மணியும் அடிச்சிருக்கு. ரூல்ல என்ன இருக்கோ அதைச் சொல்லுங்க செக்ரட்டரி” என்றார்.

செக்ரட்டரி எண்ணெய்த்துணியில் சுற்றிய விதிப் புத்தகத்தைப் பிரித்தார். படகின் மூக்கு முதலில் கோட்டைத் தொட வேண்டும் என்று இருந்தது. உள்ளே ஆள் இருக்க வேண்டும் என்று எங்குமே இல்லை. அது தேவைப்படும் என்று எழுதியவருக்குத் தோன்றவில்லை. இன்னும் இரண்டு பக்கம் புரட்டினார்.

“காற்றாலோ அலையாலோ படகு தானாகக் கழன்று புறப்பட்டால் அது அந்தப் படகின் அதிர்ஷ்டம். கிளப் பணியாளின் தவறால் புறப்பட்டால் புறப்பாடு செல்லாது. மறுபடி புறப்பட வேண்டும்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “மிஸ்டர் மாரிமுத்து. கயிறு நழுவுச்சா? நீங்க விட்டீங்களா?”

கமிட்டி முழுக்க என்னைப் பார்த்தது. நான் அப்போது தினக்கூலி. அடுத்த மாதம் நிரந்தரமாக்குவதாகப் பேச்சு. நழுவியது என்றால் யாரும் என்னை ஒன்றும் கேட்க மாட்டார்கள்.

ராவுத்தர் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார். “ஏலே, நழுவுச்சுன்னா நழுவுச்சுன்னே சொல்லு. எங்க படகுக்காக உன் சோலி போகவேணாம்.”

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் ஒருவேளை நழுவியது என்றே சொல்லியிருப்பேன். கயிறு இழுத்துக்கொண்டு போனால் உள்ளங்கையில் கீறல் விழும். இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒரு கோடு கூட இல்லை.

“நாந்தாங்க விட்டேன்.”

“ஏன்?”

“வெடிச்சா விடணும்னு நீங்கதானங்க சொல்லிக் குடுத்தீங்க.”

செக்ரட்டரி பென்சிலை நாக்கில் தொட்டார். எழுதிக்கொண்டே உரக்கப் படித்தார். “தவறு செய்தவர்கள் இருவர். பணியாள் மாரிமுத்து. அவருக்குப் பயிற்சி அளித்த செக்ரட்டரி ஞானமுத்து. புறப்பாடு செல்லாது.”

பஜார் ஆரவாரம் போட்டது. அது அடங்குவதற்குள் வரதராஜன் மேல்கோட்டைக் கழற்றி ஜீப்பில் எறிந்தார். “ரொம்ப நல்லது. நாங்களும் வந்துட்டோம். மறுபடி வெச்சுக்கலாம், நேருக்கு நேர்.”

ஆரவாரம் அணைந்தது. நேருக்கு நேர் என்றால் என்ன ஆகும் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். உண்மையைச் சொல்லி அவர்கள் படகை நானே மூழ்கடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

“எஸ்டேட் அணி வரலையே” என்றார் செக்ரட்டரி.

“நாங்க இந்தா நிக்கிறோமே!”

“நிக்கிறீங்க மிஸ்டர் வரதராஜன். வரலை. மூணு தடவை கூப்பிட்டு பதிவு பண்ணியாச்சு. புறப்பாடுதான் செல்லாது. கூப்பிட்டது செல்லும்.”

“உங்க முன்னால நின்னு பேசிக்கிட்டிருக்கேன் சார்!”

“அதை நான் மறுக்கலை. உங்களைப் பார்த்ததுல சந்தோஷம். ஆனா நீங்க இங்க இல்லை.”

வரதராஜன் கமிட்டியைப் பார்த்தார். கமிட்டி புத்தகத்தைப் பார்த்தது. புத்தகம் செக்ரட்டரியின் கையில் இருந்தது.

மணி நாலேகால். ஐந்துக்குள் கடக்க வேண்டும். மஞ்சு கலையவில்லை. சிவப்புப் பீப்பாய் எங்கே என்று தண்ணீருக்கே தெரியாத நிலைமை. சுப்பையா செக்ரட்டரியிடம் போனார்.

“அய்யா, கரையில நின்னு நம்ம ஆளுக சத்தம் குடுக்கலாமுங்களா?”

புத்தகம் புரண்டது. “பார்வையாளர் சத்தம் போடக் கூடாதுன்னு இல்லை.”

பஜார் ஓடியது. இரு கரையிலும் ஐம்பதடிக்கு ஒருவராக மஞ்சுக்குள் போய் நின்றார்கள். என்ன கத்துவது என்று யாருக்கும் தெரியவில்லை. அதனால் தினமும் கத்துவதையே கத்தினார்கள். நான் வராதவர்களின் படகை மறுபடி இழுத்துப் போய் நிறுத்தினேன். என் கையை நான் நம்பவில்லை. மேடையில் கட்டிவிடட்டுமா என்று கேட்டேன். கையால் பிடிக்க வேண்டும் என்றுதான் விதி என்றார் செக்ரட்டரி. கையிலும் பிடித்தேன், மிச்சக் கயிற்றை இடுப்பிலும் சுற்றிக்கொண்டேன். அதை அவர் பார்த்தார். அப்போது அவருக்கு மேகத்தில் ஏதோ வேலை வந்துவிட்டது, அண்ணாந்துகொண்டார்.

பிஸ்டல் வெடித்தது. என் கை விட்டது. இரண்டாவது தடவையும்! இடுப்பு விடவில்லை. படகு காற்றில் இழுக்க, நான் மேடை விளிம்புவரை சறுக்கி, நெஞ்சுவரை தண்ணீரில் தொங்கி, இரண்டு கால்களாலும் மேடையின் கட்டையைக் கவ்விக்கொண்டேன். செல்லையா என் காலைப் பிடித்தான். அப்படித் தலைகீழாகக் கிடந்தபடிதான் அந்தப் பந்தயத்தைக் கேட்டேன்.

“பிளம்ஸ், பிளம்ஸ்!” இடது கரை. “பேரிக்காய்!” வலது கரை. “பன்னு, சூடான பன்னு!” அந்தோணியின் மனைவி. “மீட்டர் துணி, மீட்டர் துணி!” நடுவில் மஞ்சுக்குள்ளிருந்து சுப்பையா: “துணிய விட்டு வெலகு! பன்னுப் பக்கம் போ! ராவுத்தரே, உங்க கடைக்குப் போகாதீங்க, நேராப் போங்க!” துடுப்புச் சத்தம் அடி அடியாக, இருட்டில் படியிறங்குவது போல் நகர்ந்தது. சந்தையே தண்ணீரில் இறங்கி நடந்து போவது போல இருந்தது. பிறகு எல்லாச் சத்தமும் தூரத்தில் ஒன்றாகக் குழம்பியது. பிறகு மணி. இந்த முறை சுருக்கமாக, எச்சரிக்கையாக, மூன்றே அடி.

முப்பத்தொரு நிமிடம். அந்தக் கிளப்பில் அதைவிட மெதுவாக யாரும் ஜெயித்ததில்லை. ஆளில்லாத படகைவிட ஐந்து நிமிடம் கூடுதல். செக்ரட்டரி இரண்டையும் பதிவேட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி வைத்தார். என்னை நிரந்தரமாக்குவதை ஒரு வருடம் தள்ளி வைத்தார்கள். செக்ரட்டரி தனக்கும் ஒரு தண்டனை விதித்துக்கொண்டார். அந்த வருடம் முழுக்க மணி அடிக்கும் பொறுப்பு செல்லையாவிடம் போயிற்று.

பஜாரில் அதற்குப் பிறகு வாக்ஓவர் என்ற சொல் வெகுகாலம் வேறு பொருளில் புழங்கியது. பெண் வீட்டார் ஒரே பேச்சில் சம்மதித்து, கல்யாணம் முடிவதற்குள் மாப்பிள்ளை வீட்டாருக்கு நாக்குத் தள்ளிப் போனால், “வாக்ஓவர்டா” என்பார்கள். போட்டியே இல்லாமல் ஏலத்தில் கிடைத்த கடையைச் சுத்தம் செய்து திறக்க ஆறு மாதம் ஆனால் அதுவும் வாக்ஓவர். சும்மா கிடைத்ததற்கு முழு உழைப்பும் கொடுப்பது என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த அர்த்தமும் அதுதான்.

அன்று சாயங்காலம் பஜார் படகைத் தண்ணீரிலிருந்து எடுத்தார்கள். ஈரப் படகு கனக்கும். ராவுத்தரும் அந்தோணியும் முன்னால், மண்டிச் சகோதரர்கள் பின்னால், சுப்பையா எல்லோருக்கும் உத்தரவு போட்டபடி நடுவில். கொட்டகை வாசலில் வரதராஜன் ஜீப் சாவியைச் சுழற்றிக்கொண்டு வழியை அடைத்து நின்றார்.

“கொஞ்சம் நகருங்க தொரை” என்றார் ராவுத்தர்.

“நாந்தான் வரவே இல்லையே, எப்பிடி நகர்றது?” என்றார் வரதராஜன். சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, படகின் தொங்கிக்கொண்டிருந்த நடுப்பக்கத்தைத் தோளில் வாங்கினார்.

ஆறு பேருமாக அதை அதன் இடத்தில் ஏற்றினார்கள்.